ஒன்பது வயது நாய், மூன்று கட்டிகள்: எதை அகற்றுவது, எதை விடுவது?

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். அவர் வீட்டில் ஒன்பது வயதான பெண் லாப்ரடார் நாய் இருக்கிறது; சின்னி என்று வைத்துக்கொள்வோம். எடை 32 கிலோ, கருத்தடை செய்யப்படவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறது, நடக்கிறது. அதன் உடலில் இப்போது மூன்று கட்டிகள். வலது விலாவின் மேல் ஏறக்குறைய 5 செ.மீ. அளவில், மெத்தென்று விரலுக்கு அடியில் நழுவும் கட்டி இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொழுப்புக் கட்டிதான், கவலை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இடது தொடையின் வெளிப்புறத்தில் இருந்த ஒரு சிறு கட்டியை எட்டு மாதங்களுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் அகற்றினார்கள். "முழுசா, சுத்தமா வந்துடுச்சு" என்றார்களாம். அகற்றியதைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. இரண்டு மாதங்களாக அந்தத் தழும்பின் ஓரத்திலேயே புதிதாக ஒன்று தடித்து வருகிறது. சில நாள் பெரிதாகவும் சில நாள் சிறிதாகவும் தெரிகிறது. நாய் நக்கினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. மூன்றாவது, சென்ற வாரம் குளிப்பாட்டும்போது இடப்பக்கக் கடைசி மடிக்காம்பின் அருகே கையில் தட்டுப்பட்ட, பட்டாணி அளவு முடிச்சு.

இப்போது பார்க்கும் மருத்துவர் மூன்றையும் ஒரே மயக்கத்தில் எடுத்துவிடலாம் என்கிறார். இந்த வயதில் மயக்க மருந்து கொடுத்தால் நாய் எழுந்திருக்காது என்று கணவர் தடுக்கிறார். ஊசி குத்தினாலோ கத்தி பட்டாலோ கட்டி உடலெங்கும் பரவிவிடும் என்பது தம்பியின் வாதம். தெரிந்தவர் ஒருவர் ஸ்டீராய்டு மாத்திரை அட்டை ஒன்றைக் கொடுத்து, இதிலேயே கரைந்துவிடும் என்றிருக்கிறார். மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை. அகற்றலாமா, விட்டுவிடலாமா என்பதுதான் கேள்வி. கடிதத்தின் கடைசி வரி இது: "முதல் தடவையே டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லி நான் கேட்டிருந்தால் இது திரும்ப வந்திருக்காதா, டாக்டர்?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசி வரிக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பரிசோதனைக்கு அனுப்புவதால் மட்டும் ஒரு கட்டி திரும்ப வராமல் இருந்துவிடாது. ஆனால் அது என்ன கட்டி, ஓரத்தில் மிச்சம் விட்டிருக்கிறதா என்பது அன்றே தெரிந்திருக்கும். மிச்சம் இருந்தால் அது வளர்வதற்கு முன்பே செய்ய வேண்டியதைச் செய்திருக்கலாம். அந்தப் பேச்சை எடுத்திருக்க வேண்டியவர் அறுவை செய்த மருத்துவர். கேட்கவில்லை என்று உங்களை நீங்களே நொந்துகொள்வதில் நியாயம் இல்லை.

அடுத்து, "கட்டிகளை அகற்றலாமா" என்ற உங்கள் கேள்வியையே கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. சின்னியின் உடலில் இருப்பவை ஒரே நோயின் மூன்று துண்டுகள் என்று நினைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே முடிவை எல்லோரும் தேடுகிறீர்கள். உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால் இவை பெரும்பாலும் மூன்று வெவ்வேறு கட்டிகள். ஒன்றை விட்டுவிடலாம், ஒன்றைத் தள்ளிப்போடக் கூடாது, ஒன்றின் மேல் கத்தி வைப்பதற்கு முன் அது என்னவென்று தெரிந்தே ஆக வேண்டும்.

விரல் சொல்வதை நம்பலாமா?

தொட்டுப் பார்த்தே கட்டியின் வகையைச் சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. நடு வயதைத் தாண்டிய, எடை கூடிய நாய்களுக்குக் கொழுப்புக் கட்டி மிகச் சாதாரணமாக வருவது என்பதால், அப்படிச் சொல்பவர் பெரும்பாலான நேரம் சரியாகவே சொல்லியிருப்பார். சிக்கல் மீதி நேரத்தில் இருக்கிறது. நாய்களின் தோல் கட்டிகளில் ஏறத்தாழ 5-இல் 1 பங்கு மாஸ்ட் செல் கட்டி எனப்படும் புற்றுநோய் வகை. அது தோலுக்கு அடியில் வளரும்போது கொழுப்புக் கட்டியைப் போலவே மெத்தென்று, நழுவும்படி இருக்கக்கூடும். விரலால் இரண்டையும் பிரித்தறிய முடியாது, என்னாலும் முடியாது. தொழிலுக்கு வந்த புதிதில், கொழுப்புக் கட்டி என்று கைக்கணக்காகச் சொல்லி ஒரு நாயை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆறு மாதம் கழித்து அது புண்ணாகித் திரும்பி வந்தபோதுதான் ஊசியைக் கையில் எடுத்தேன். அதன் பிறகு விரலை மட்டும் நம்பி எந்தக் கட்டிக்கும் நான் பெயர் வைத்ததில்லை.

நான் சொல்லும் ஊசிப் பரிசோதனை பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்படாதது. தடுப்பூசி போடும் அளவுக்கு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, இரண்டு மூன்று திசைகளில் முன்னும் பின்னும் நகர்த்துவோம். ஊசியின் குழலில் ஏறிய துளியைக் கண்ணாடித் தகட்டில் தெளித்துப் பரப்பி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்போம். பெரும்பாலான நாய்களுக்கு மயக்கம்கூட வேண்டியதில்லை; ஒருவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தால் போதும். கொழுப்புக் கட்டியாக இருந்தால் தகட்டைப் பார்த்த மாத்திரத்திலேயே சந்தேகம் வந்துவிடும். எண்ணெய் தெளித்தாற்போல் பளபளக்கும் துளிகள் எவ்வளவு நேரம் வைத்தாலும் காயாது. சாயமேற்றும் முன் சாராயக் கரைசலில் முக்கினால் பாதி கரைந்தே போய்விடும். மாஸ்ட் செல் கட்டியாக இருந்தால், வட்ட வட்டமான செல்களுக்குள் ஊதா நிறப் பொடியை அள்ளித் தூவியதுபோல் துகள்கள் தெரியும். அந்தக் காட்சியை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற தம்பியின் அச்சத்தைக் கேலி செய்ய மாட்டேன். ஊசி போன வழியில் செல்கள் ஒட்டி வளர்வது மருத்துவத்தில் பதிவான ஒன்றுதான். குறிப்பாகச் சிறுநீர்ப்பையில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்க்கு அந்த ஆபத்து உண்டு என்பதால், அங்கே வயிற்றின் வழியாக ஊசி போடுவதைத் தவிர்க்கிறோம். ஆனால் தோலிலும் தோலடியிலும் இருக்கும் கட்டிகளில் அது மிக அரிது. ஊசி போடாமல் விடுவதால் வரும் ஆபத்தோ அரிதானதல்ல. கட்டியின் வகை தெரியாமல் குறைவாக வெட்டிவிடுவதுதான் அது. சின்னியின் தொடையில் நடந்ததும் அதுவாகவே இருக்கலாம். கத்தி பட்டதால் கட்டி பரவியது என்று மக்கள் சொல்லும் கதைகளை விசாரித்துப் பார்த்தால், பலவற்றில் கத்தி போதாமல் போயிருக்கும்.

ஊசிப் பரிசோதனைக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சில சமயம் ரத்தம் மட்டுமே வரும். தசை, நார்த் திசுக்களில் வளரும் சார்கோமா வகைப் புற்றுநோய்க் கட்டிகள் செல்களை எளிதில் உதிர்க்காது. முடிவு தெளிவாக இல்லை என்று வந்தால், அதைப் புற்றுநோய் இல்லை என்று படித்துவிடக் கூடாது. மறுபடி ஊசி போட வேண்டும், அல்லது ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துத் திசுப் பரிசோதனை செய்ய வேண்டும்.

தொடைக் கட்டி: என் கவலை இங்கேதான்

மூன்றில் உங்களை இன்றே மருத்துவரிடம் போகச் சொல்வது தொடைக் கட்டிதான். ஒரு நாள் பெரிதாகவும் மறுநாள் சிறிதாகவும் தெரிவது, நக்கினால் சிவந்து வீங்குவது என்று நீங்கள் எழுதியிருப்பது மாஸ்ட் செல் கட்டியின் நடத்தையோடு ஒத்துப்போகிறது. அந்தச் செல்களுக்குள் இருக்கும் துகள்களில் ஹிஸ்டமினும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரினும் நிறைந்திருக்கின்றன. கட்டியை அழுத்தினால், தேய்த்தால், நாய் நக்கினால் அவை வெளியே கொட்டுகின்றன. உடனே அந்த இடம் சிவந்து தடிக்கிறது, பிறகு மெல்ல வடிகிறது. அளவு குறைவதைப் பார்த்து, தானே சரியாகிறது என்று பலர் ஏமாந்துபோவது இதனால்தான். ஹிஸ்டமின் அதிகமாகச் சுரந்தால் வயிற்றில் அமிலம் கூடி இரைப்பைப் புண்கூட வரலாம். வாந்தி, கறுப்பு நிற மலம் ஆகியவற்றைக் கவனியுங்கள். வீட்டில் யாரும் அந்தக் கட்டியைப் பிதுக்கியோ அழுத்தியோ பார்க்க வேண்டாம். இதையெல்லாம் எழுதிவிட்டு, இது மாஸ்ட் செல் கட்டிதான் என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தை வைத்து நோயைக் கண்டறிவது விரலை வைத்துக் கண்டறிவதைவிட மோசம். நக்கி நக்கி அழற்சியான தழும்பாகவும் இருக்கலாம், சார்கோமாவாகவும் இருக்கலாம். ஊசி சொல்லட்டும்.

"முழுசா, சுத்தமா வந்துடுச்சு" என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றைச் சுற்றி உறைபோல ஒரு படலம் இருக்கும். அறுவை மேசையில் அந்தப் படலத்தை ஒட்டி விரலை நுழைத்தால், தோலுரித்த பழம்போலக் கட்டி வழுக்கிக்கொண்டு கைக்கு வந்துவிடும். அறுவை செய்பவருக்குத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் அந்தப் படலம் உண்மையான எல்லை அல்ல. கட்டி வளர்ந்து நெருக்கியதில் அமுங்கிய திசுக்களும் கட்டியின் செல்களும் கலந்ததுதான் அது. அதற்கு வெளியிலும் வேர்போலச் செல்கள் நீண்டிருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த இடத்தில் நுண்ணோக்கிக்குச் சுத்தம் இருக்காது. ஆகவேதான் மாஸ்ட் செல் கட்டியை எடுக்கும்போது அதன் ஓரத்திலிருந்து சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. நல்ல தோலையும், அடியில் தசையைப் போர்த்திய உறையில் ஓர் அடுக்கையும் சேர்த்து எடுப்பது நெடுநாள் வழக்கம். சிறிய, வீரியம் குறைந்த கட்டிகளுக்கு இதைவிடக் குறைவான ஓரமும் போதும் என்ற கருத்தும் இப்போது வலுப்பெற்றிருக்கிறது. 1 செ.மீ. கட்டிக்கு இவ்வளவு நீளமான வெட்டா என்று தையலைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. அந்த நீளம் அறுவை செய்பவரின் கவனக்குறைவால் வருவதில்லை.

திரும்பி வந்த கட்டிக்குக் கூடுதல் சிரமம் ஒன்று உண்டு. முதல் அறுவையில் கத்தி போன இடமெல்லாம், தையல் போட்ட துளைகள் உட்பட, கட்டியின் செல்கள் தங்கியிருக்கக்கூடிய இடங்களாகவே கணக்கு. ஆகவே இரண்டாவது அறுவையில் புதுக் கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. பழைய தழும்பு முழுவதையும் ஒரே துண்டாகச் சேர்த்து எடுக்க வேண்டும். முதல் அறுவைதான் நல்ல வாய்ப்பு என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தொடையின் மேற்பகுதி என்றால் இழுத்து மூடத் தோல் ஓரளவு கிடைக்கும். முழங்காலுக்குக் கீழே என்றால் கடினம். ஊசி மாஸ்ட் செல் என்று சொன்னால், அறுவைக்கு முன் முழங்காலின் பின்புறமும் தொடை இடுக்கிலும் இருக்கும் நெறிகளிலிருந்து (நிணநீர்க் கணுக்களிலிருந்து), அவை வீங்காமல் இருந்தாலும், ஊசி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றை ஸ்கேன் செய்து மண்ணீரலையும் கல்லீரலையும் பார்ப்பது நல்லது. மயக்கத்துக்கு முன் ஹிஸ்டமின் தடுப்பு மருந்து கொடுப்பதும் வழக்கம்.

இந்த இடத்தில்தான் ஸ்டீராய்டு மாத்திரை வருகிறது. கொடுத்தவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை: மாஸ்ட் செல் கட்டியும், நெறிகளில் வரும் லிம்ஃபோமா என்ற புற்றுநோயும் ஸ்டீராய்டுக்குச் சில நாள் சுருங்கும். கரைந்துவிட்டது என்று நினைப்பீர்கள், பிறகு வளரும். இடையில் ஊசி போட்டால் சரியான செல்கள் கிடைக்காமல் முடிவு குழம்பும். லிம்ஃபோமாவாக இருந்தால் பிறகு கொடுக்கும் கீமோ சிகிச்சையும் அவ்வளவாகப் பலிக்காமல் போகலாம். போதாததற்கு, அறுவைக்குப் பின் கொடுக்கும் வலி மாத்திரைகள் பலவற்றோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் இரைப்பையும் குடலும் புண்ணாகித் துளை விழும் ஆபத்தும் உண்டு. வகை தெரிந்த பிறகு மருத்துவரே ஸ்டீராய்டு எழுதக்கூடும், அது வேறு. தொடங்காமல் கேட்டீர்கள், நல்லதாயிற்று.

மடியில் தட்டுப்பட்ட முடிச்சு

பட்டாணி அளவுதானே, வளர்ந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. நாய்களின் மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோய். மீதிப் பாதி சாதுவானவை. எது எந்தப் பாதி என்பதை ஊசிப் பரிசோதனையால் இந்த ஒரு இடத்தில் நம்பிச் சொல்ல முடிவதில்லை, ஏனெனில் ஒரே கட்டிக்குள் இரு வகைச் செல்களும் கலந்திருக்கும். ஊசி போடுவது இங்கே வேறு வகைக் கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். முடிவான பதில் அகற்றிய திசுவிலிருந்தே வரும். அளவும் இங்கே முக்கியம்: 3 செ.மீ.க்குக் குறைவாக இருக்கும்போது அகற்றப்பட்ட புற்றுநோய்க் கட்டிகளுக்குப் பிறகு நாய்கள் வாழும் காலம் தெளிவாகவே அதிகம். இவ்வளவு சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டீர்கள். அதைக் காத்திருந்து வீணாக்க வேண்டாம்.

நாய்க்குப் பொதுவாக ஐந்து இணைப் பால்சுரப்பிகள். அகற்றுவதற்கு முன் பத்தையும் ஒவ்வொன்றாக விரல்களுக்கு இடையில் உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முடிச்சு இருக்கும் மடியில் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று இருப்பது சாதாரணம். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்பதற்கு நெஞ்சு எக்ஸ்ரே வேண்டும். இடம், வலம், மல்லாந்த நிலை என மூன்று கோணங்களில் எடுப்பதே முறை. ஒரு படத்தில் மறையும் புள்ளி இன்னொன்றில் தெரியும்.

கருத்தடையும் சேர்த்துச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். கருத்தடை செய்யாத நாயின் மடிக்கட்டி ஆபத்தை 100 என்று வைத்தால், முதல் சினைப்பருவத்துக்கு முன் கருத்தடை செய்த நாய்க்கு அதில் 0.5 சதவீதம், ஒரு பருவத்துக்குப் பின் என்றால் 8 சதவீதம், இரண்டுக்குப் பின் 26 சதவீதம் என்று 1969-இல் வந்த ஆய்வு ஒன்றின் எண்களை இன்றும் எல்லா இடங்களிலும் சொல்வார்கள். அந்த ஆதாரம் அவ்வளவு உறுதியானதல்ல என்று பிற்கால மறுஆய்வு காட்டியிருக்கிறது. எப்படியானாலும் ஒன்பது வயதில் அந்தக் கணக்கு சின்னிக்குப் பொருந்தாது. ஆனாலும் சேர்த்துச் செய்வதையே நான் விரும்புவேன். காரணம் வேறு: இந்த வயதில் கருத்தடை ஆகாத நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து கணிசமானது, அது வந்தால் நள்ளிரவில் அவசர அறுவையாகத்தான் முடியும்.

பூனை வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, பாதிதான் புற்றுநோய் என்று ஆறுதல் அடைந்துவிட வேண்டாம். பூனையின் மடிக்கட்டிகளில் 80 சதவீதத்துக்கும் மேல் புற்றுநோய். அங்கே முடிச்சை மட்டும் எடுக்காமல் அந்தப் பக்கத்து மடி முழுவதையுமே எடுப்பது வழக்கம்.

விலாக் கட்டி

இதற்கும் ஒரு முறை ஊசி போட்டுப் பாருங்கள். கொழுப்பு என்று உறுதியானால் விட்டுவிடலாம். கால் அசைவுக்கு இடைஞ்சலாக அக்குளில் வளர்வது, வேகமாகப் பெரிதாவது, தசைக்குள் ஊடுருவிப் பிடித்துக்கொள்வது, இவை இருந்தால்தான் கொழுப்புக் கட்டியை அகற்றுவது பற்றி யோசிப்போம். அழகுக்காக அகற்றி, அறுவை நேரத்தை அரை மணி நீட்டுவதில் சின்னிக்கு எந்த லாபமும் இல்லை.

கத்தியே தேவைப்படாத கட்டிகளும் உண்டு. இளம் நாய்களுக்குச் சிவப்புப் பொத்தான் போல வரும் ஹிஸ்டியோசைட்டோமா பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானே உதிர்ந்துவிடும். இனச்சேர்க்கையால் தொற்றும் கட்டிக்கு வின்கிரிஸ்டின் ஊசி மருந்தே முதல் சிகிச்சை. அடியில் நூல் கட்டி இறுக்கி விழவைப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: மேலே தெரிவது அழுகி விழும், வேர் உள்ளேயே இருக்கும், நாய் வலியில் துடிக்கும். வேண்டாம்.

ஒன்பது வயதும் மயக்க மருந்தும்

உங்கள் கணவரின் பயம் அன்பினால் வருவது. எண்களைச் சொன்னால் கேட்பார் என்று நினைக்கிறேன். 2002 முதல் 2004 வரை பிரிட்டனில் 98,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், மயக்கத்தோடு தொடர்புடைய இறப்பு ஆரோக்கியமான நாய்களில் 0.05 சதவீதம், அதாவது சுமார் 2,000-இல் 1. நோயுற்ற நாய்களில் 1.33 சதவீதம், அதாவது சுமார் 75-இல் 1. முதுமையும் ஆபத்தைக் கூட்டும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு எண்களுக்கு இடையிலான தூரத்தைப் பாருங்கள்: சிறுநீரகம், இதயம், கல்லீரல் எப்படி இருக்கின்றன என்பது வயதைவிடப் பெரிய கேள்வி. அதை ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளும் இதயப் பரிசோதனையும் சொல்லிவிடும். அதே ஆய்வில் இறந்த நாய்களில் ஏறக்குறைய பாதி, அறுவை முடிந்த பிறகே இறந்தன. ஆகவே மருத்துவரிடம், மயக்கத்தின்போது மூச்சுக்குழாய்க் குழல் போடுவீர்களா, ரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் யார் பார்ப்பார்கள் என்று கேட்பதோடு, நாய் தலை தூக்கி உட்காரும்வரை அதன் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்றும் கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் அது நல்ல இடம்.

மூன்றையும் ஒரே மயக்கத்தில் எடுப்பதா என்பதற்கு என் கருத்து: ஊசி முடிவுகள் வரும்வரை தேதி குறிக்காதீர்கள். விலாக் கட்டி கொழுப்பாக இருந்து, ரத்தப் பரிசோதனைகளும் நன்றாக இருந்தால், கருத்தடை, மடிக்கட்டி, தொடைக்கட்டி ஆகியவற்றை ஒரே மயக்கத்தில் செய்துவிடலாம். கட்டியின் செல்கள் வயிற்றுக்குள் போகாதபடி கருத்தடையை முதலில் முடித்து, ஒவ்வொரு இடத்துக்கும் கையுறையையும் கருவிகளையும் மாற்ற வேண்டும். தொடையில் பெரிய வெட்டு தேவைப்படும், நேரம் நீளும் என்றால், தொடையை முதலில் செய்துவிட்டு மற்றதைச் சில வாரம் கழித்துச் செய்வதையே நான் தேர்வேன்.

நீங்கள் கேட்க வேண்டியவை

அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடுவதற்கு முன், எவ்வளவு தூரம் வெட்டப் போகிறார்கள், ஏன் அவ்வளவு, குறைவாக வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். அகற்றிய ஒவ்வொரு துண்டும் தனித்தனிப் புட்டியில், பெயரும் இடமும் எழுதி, துண்டைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஓரங்களில் மை தடவி அனுப்பினால், கட்டி மையைத் தொடுகிறதா என்று ஆய்வாளர் அளந்து சொல்வார். அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி, மூன்று இடங்களைப் படியுங்கள்: கட்டியின் பெயர், தரம், வெட்டு ஓரத்தில் செல்கள் உண்டா இல்லையா. மாஸ்ட் செல் கட்டி என்றால், 2011-இல் வகுக்கப்பட்ட முறைப்படி தாழ்ந்த தரம் (வீரியம் குறைவு) அல்லது உயர்ந்த தரம் (வீரியம் அதிகம்) என்று குறித்திருப்பார்கள். தாழ்ந்த தரமாக இருந்து ஓரமும் சுத்தமாக இருந்தால் பெரும்பாலான நாய்களுக்கு அதோடு முடிந்தது. உயர்ந்த தரம் என்றால் கீமோவைப் பற்றியும், ஓரத்தில் செல்கள் இருந்தால் மறு அறுவை அல்லது கதிர்வீச்சைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். ஏற்கெனவே எங்காவது பரவிவிட்டது என்று தெரிந்தால், பெரிய அறுவையைத் தவிர்த்து வலியில்லாமல் பார்த்துக்கொள்வதும் மதிப்புள்ள ஒரு முடிவே. அந்தப் பேச்சு வந்தால் இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

முதல் அறுவை நடந்த மருத்துவமனைக்கும் ஒரு முறை தொலைபேசியில் பேசுங்கள். சண்டை பிடிக்க அல்ல. எட்டு மாதத்துக்கு முன் எடுத்த துண்டைச் சில இடங்களில் ஃபார்மலினில் வைத்திருப்பார்கள். இருந்தால் இப்போதுகூட அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இல்லாவிட்டாலும், கட்டியின் அளவும் எவ்வளவு ஓரம் விட்டு எடுத்தார்கள் என்ற குறிப்பும் கிடைத்தால், இப்போது அறுவை செய்பவருக்குப் பெரிதும் உதவும்.

அறுவைக்குப் பிந்தைய நாட்களுக்குச் சில வார்த்தைகள் போதும். தையல் பிரிக்கப் பொதுவாக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை ஓட்டம், குதியல், படி ஏறுதல் கூடாது. கழுத்தில் மாட்டும் கூம்பைப் பாவம் என்று கழற்றிவிட்டுத்தான் பாதிப் பேர் இரண்டாம் தையலுக்கு வருகிறார்கள். தையலுக்கு அடியில் வலியின்றி நீர் கோத்த வீக்கம் வந்தால் பதற வேண்டாம், ஆனால் காட்டுங்கள். சூடு, சீழ், நாற்றம் இருந்தால் அன்றே போங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்: ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை உயிரையே எடுத்துவிடும்.

மருத்துவரிடம் போகும் முன், இன்று மாலையே மூன்று கட்டிகளையும் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் புகைப்படம் எடுங்கள். தொடையில் இருப்பதை அழுத்தாமல், சிவந்திருக்கும்போது ஒன்றும் வடிந்திருக்கும்போது ஒன்றுமாக இரண்டு படம் வேண்டும். அந்த ஸ்டீராய்டு அட்டையையும் கையோடு கொண்டுபோய் மேசையில் வைத்து, இதில் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.